பிரிக்காத இன்ஜின்

நான் கால்நடை ஆய்வாளராகப் பொம்மிடிப் பக்கம் வேலை பார்த்த காலத்தில், ஒரு மோட்டார் சைக்கிளுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய மரியாதை, "இது இன்ஜின் பிரிக்காத வண்டிங்க" என்று நாலு பேர் சொல்வதுதான். வாங்கிய நாளிலிருந்து எந்த மெக்கானிக்கும் அதன் இன்ஜினைக் கழற்றிப் பார்க்கவில்லை, அதற்கு அவசியமே வரவில்லை என்று அர்த்தம். பழைய வண்டி வாங்க வருகிறவர்கள் முதலில் இதைத்தான் கேட்பார்கள். எத்தனை வருஷத்து வண்டி, எத்தனை கை மாறியது என்பதெல்லாம் அப்புறம். பிரித்த இன்ஜின் என்று தெரிந்துவிட்டால் டயர் புதிதாக இருந்தாலும் பெயிண்ட் பளபளத்தாலும் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை இருந்தது. திங்கட்கிழமை காலைகளில் வண்டி வைத்திருக்கும் ஏழெட்டுப் பேர் அங்கே கூடுவோம். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களே அப்போது குறைவு. அதனால் உத்தியோகம், வயது, சாதி எல்லாவற்றையும் தாண்டி எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்திருந்தது. தொப்பூர் மேட்டில் யாருடைய வண்டி மூச்சு வாங்காமல் ஏறும், ராத்திரி முழுக்க மழையில் நனைந்தும் யாருடையது ஒரே உதையில் கிளம்பும் என்பதுதான் பேச்சு. அரிசி மண்டி வைத்திருந்த ஒருவர் அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி. அவர் ஒரு வண்டியை நல்ல வண்டி என்று சொல்லிவிட்டால் பொம்மிடி முழுக்க அது நல்ல வண்டிதான்.

அவர் எப்போதும் உயர்த்திப் பேசியது எங்கள் கூட்டத்தில் இருந்த ஒரு வாத்தியாரின் வண்டியை. வாத்தியாருக்கு என் வயதுதான், முப்பத்தைந்து இருக்கும். பொம்மிடிக்குப் பக்கத்துக் கிராமத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பாவும் அண்ணனும் கடலைக்காட்டில் ஏர் ஓட்டிக்கொண்டிருக்க, அந்த வீட்டில் முதன்முதலாகச் சர்க்கார் வேலைக்குப் போனவர் அவர். வேலை சித்தேரி மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில். திங்கட்கிழமை மலையேறினால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவார். அந்த ஐந்து நாளும் பள்ளிக்கூடத்தை ஒட்டிய ஓர் அறையில் தங்கிக்கொள்வார். வண்டி வெளியே வேப்ப மரத்தடியில் நிற்கும்.

அது பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். அவர் மூன்றாவது கையாக வாங்கி ஒன்பது வருஷம் ஓட்டியிருந்தார். முதல் இரண்டு பேரும் இன்ஜினைப் பிரிக்கவில்லை, இவரும் பிரிக்கவில்லை. மலைக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். இடைப்பட்ட நேரத்தில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் மலைக்காரர்களுக்கு அந்த வண்டிதான் கதி. பாம்பு கடித்தவர், புளிய மரத்திலிருந்து விழுந்தவர், வலி கண்ட பெண்கள் என்று எத்தனையோ பேரை அவர் அந்த வண்டியில் கீழே இறக்கியிருக்கிறார். சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் அந்தச் சத்தத்தை வைத்தே "வாத்தியார் யாரையோ இட்டுக்கினு போறாரு" என்று சொல்லிவிடுவார்கள்.

என்னிடமும் முன்பு அதே மாதிரி வண்டி ஒன்று இருந்தது. அந்தப் பகுதிக்கு மாற்றலாகி வருவதற்கு முன்னால் பென்னாகரத்தில் இருந்தேன். அங்கே என் வண்டியில் ஒருநாள் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை விடும்போது மட்டும், இரண்டு கொட்டாங்கச்சிகளை ஒன்றோடொன்று தட்டுவது போல, உள்ளுக்குள்ளிருந்து வரும். சூடானால் போய்விடும் என்று மூன்று வாரம் ஓட்டினேன். ஒகேனக்கல் போகிற ரோட்டில், காட்டுக்கு நடுவில், பின்சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டு வண்டி நின்றுவிட்டது. உள்ளே பிஸ்டனைத் தாங்கும் தண்டின் பேரிங் நொறுங்கியிருந்தது. பிரித்துப் பார்த்த மெக்கானிக், "இந்தச் சத்தம் வந்தா அப்புறம் ஒரு மைல்கூட ஓட்டக்கூடாதுங்க" என்றார். நான் தனியாகத்தான் போயிருந்தேன். ஆடு மேய்க்கிறவர் ஒருவர் கூட வந்து தள்ளிக் கொடுத்தார். கை வலித்ததைத் தவிர எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகுதான் ஜப்பான் இன்ஜின் போட்டு வந்த புது நூறு சி.சி. வண்டி ஒன்றை வாங்கினேன். பொம்மிடி டீக்கடையில் அதைக் கொண்டுபோய் நிறுத்திய அன்று மண்டிக்காரர் டீ கிளாஸோடு எழுந்து வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இது வண்டியாங்க டாக்டரே? தையல் மெஷினுக்கு ரெண்டு சக்கரத்த மாட்டி வுட்டிருக்கானுங்க. நாலு வருசம் போவட்டும், பாக்கலாம்."

மாட்டுக்கு ஊசி போடுகிறவன் என்பதால் எல்லோருக்கும் நான் டாக்டர்தான். அன்றிலிருந்து என் வண்டிக்குத் தையல் மெஷின் என்று பெயர் விழுந்துவிட்டது. வாத்தியார் மட்டும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் மற்றவர்கள் சொல்லும்போது கூடச் சேர்ந்து சிரிப்பார்.

மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஒரு திங்கட்கிழமை, வாத்தியார் டீக்கடைக்கு வந்து வண்டியை நிறுத்தினார். ஆக்சிலேட்டரை விட்டதும் அந்தக் கொட்டாங்கச்சிச் சத்தம் எனக்குக் கேட்டது. சன்னமாகத்தான் கேட்டது. ஆனால் ஒருமுறை அந்தச் சத்தத்தோடு மூன்று வாரம் வாழ்ந்தவனுக்கு அது மறக்காது.

"வாத்தியாரே, உள்ள ஒரு சத்தம் வருதுங்க. பேரிங்கா இருக்கும். பிரிச்சுப் பாத்துடுங்க" என்றேன்.

எல்லோரும் இருக்கும்போது சொன்னதுதான் தப்பு. மண்டிக்காரர் விடுவாரா?

"தையல் மெஷின் வாங்கினதுல இருந்து டாக்டருக்கு நல்ல இன்ஜின் சத்தமே காதுல ஏற மாட்டேங்குது" என்றார். கடையே சிரித்தது. டீ ஆற்றுகிறவரும் சிரித்தார். வாத்தியாரும் சிரித்துக்கொண்டே, "சூடானா போயிடுதுங்க டாக்டரே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இனிமேல் இவர்களிடம் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன். முப்பத்தைந்து வயது ஆள் செய்கிற காரியமா அது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து மலையில் மாடுகளுக்குத் தொண்டை அடைப்பான் தடுப்பூசி போடவேண்டியிருந்தது. மருந்தை ஐஸ் பிளாஸ்கில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை விடிந்ததும் வாத்தியாரோடு சேர்ந்து கிளம்பினேன். அவர் முன்னால், நான் பின்னால். அடிவாரத்தைத் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் சத்தம் நன்றாகவே கேட்டது. இப்போது ஆக்சிலேட்டரை முறுக்கும்போதும் கேட்டது. வளைவுக்கு வளைவு அது என் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

பாதி மலையில், பாறையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற ஒரு வளைவில் இன்ஜின் ஆறட்டும் என்று நிறுத்தினோம். வாத்தியார் குனிந்து சிலிண்டருக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டிச் சூடு பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தது போலத்தான் இருந்தது அந்தப் பார்வை. நான் பிளாஸ்கைத் திறந்து ஐஸ் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்த்தேன்.

"மத்தியானத்துக்குள்ள ஊசி போட்டு முடிக்கணுங்க. இல்லன்னா மருந்து வீணாயிடும்" என்றேன்.

"ஆமாங்க" என்றார். மறுபடி கிளம்பினோம்.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் காலி இடத்தில் மாடுகளைக் கட்டி வைத்திருந்தார்கள். வாத்தியார் வகுப்புக்குப் போனார். நான் வேலையை ஆரம்பித்தேன். ஒருவர் கொம்பைப் பிடிக்க, இன்னொருவர் வாலைப் பிடிக்க, ஊசி போட்டுவிட்டு மாட்டுக்காரர் பெயரையும் மாட்டின் நிறத்தையும் பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். காலைப் பஸ் என் கண் முன்னால்தான் இறங்கிப்போனது. அது போய் இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். ஒற்றையடிப் பாதையில் நாலு பேர் வேகமாக வந்தார்கள். இரண்டு பேர் தோளில் ஒரு கம்பு. கம்பில் கட்டிய போர்வைக்குள் ஒரு பெண்.

இருபது வயதுகூட இருக்காது. விடியற்காலையில் வீட்டிலேயே பிள்ளை பிறந்திருக்கிறது. பிள்ளை நன்றாக இருக்கிறது, பெண் குழந்தை. ஆனால் அதற்குப் பிறகு ரத்தம் நிற்கவில்லை. போர்வையின் அடிப்பக்கம் நனைந்திருந்தது. அவள் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. கம்பின் முன்பக்கத்தைச் சுமந்து வந்தவன்தான் அவள் புருஷன். மூச்சு வாங்கியதில் அவனால் பேச முடியவில்லை. கூட வந்தவர்தான், "வாத்தியாரே, வண்டிய எடுங்க" என்று பள்ளிக்கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

அந்தப் பெண்ணைப் பார்த்ததுமே நான் சட்டைப் பையிலிருந்து என் வண்டிச் சாவியை எடுத்துவிட்டேன். அது நிஜம். வாத்தியார் கையில் சாக்பீஸ் தூளோடு வெளியே ஓடி வந்தார். தன் வண்டியைப் பார்த்தார். பிறகு என் வண்டியைப் பார்த்தார். ஒரு நொடி இருக்கும்.

அதற்குள் மாடு பிடித்துக்கொண்டிருந்த, அந்த மலையூருக்குத் தலைவரான ஊர்க் கவுண்டர், "வாத்தியார் வண்டியே போவட்டுங்க. அதுதான் நம்ம மலைக்குப் பழகுன வண்டி. ஒரு நாளும் நின்னதில்ல" என்றார். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

நான் சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அந்த நேரத்தில் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐஸ் கரைந்துகொண்டிருந்தது, இன்னும் நாற்பது மாடுகள் நின்றன. அது ஒரு காரணம். தையல் மெஷின் என்று சிரித்தவர்கள் இப்போதும் அதைத்தானே நம்பவில்லை, நமக்கென்ன என்று ஒரு வீம்பு. அது இன்னொரு காரணம். மூன்றாவதாக ஒன்று உண்டு. என் வண்டியின் சீட்டில் கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறையைக்கூட நான் இன்னும் கழற்றியிருக்கவில்லை. அதில் ரத்தம் படுமே என்று ஒரு கணம் நினைத்தேன். இதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை.

வாத்தியார் வண்டியில் ஏறினார். பெண்ணை நடுவில் உட்கார வைத்துப் புருஷன் பின்னால் ஏறி அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஒரே உதையில் வண்டி கிளம்பியது. ஊர்க் கவுண்டர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பார்த்தீர்களா என்று கேட்பது போல. சத்தம் முதல் வளைவில் இறங்கிப்போகும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு அடுத்த மாட்டிடம் போனேன்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வேலையை முடித்துக் கைகழுவிவிட்டுக் கிளம்பினேன். இரண்டு மைல் இறங்கியிருப்பேன், ஒரு வளைவு திரும்பியதும் வாத்தியார் நடு ரோட்டில் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டையின் முதுகில் ரத்தம் காய்ந்திருந்தது. ரோட்டோரப் புங்க மர நிழலில் அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துப் புருஷன் உட்கார்ந்திருந்தான்.

"சக்கரம் பூட்டிக்கிச்சுங்க" என்றார் வாத்தியார். "கால ஊனி நிறுத்திட்டேன். கீழ வுழல. ஆனா கிக்கர் அசையவே இல்ல. கியரும் சிக்கிக்கிச்சு, உருட்டிக்கூட எறக்க முடியல. கீழ ஏதாவது லாரி வரும்னு ரெண்டு மைல் ஓடிப் பாத்தேன். ஒண்ணும் வரல. மேல உங்ககிட்ட ஓடி வரலாமான்னு மொதல்ல நெனச்சேன். கீழதான் ஓடிட்டேன்."

மேலே ஓடி வந்திருந்தால் அரை மணி நேரத்தில் என்னிடம் வந்திருப்பார். அதை அவரும் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

அந்தப் பெண்ணுக்கு இன்னும் உயிர் இருந்தது. உதட்டை நக்கித் தண்ணீர் கேட்டாள். புருஷன் ஈரத்துணியால் உதட்டை நனைத்தான். அவளைத் தூக்கி என் வண்டியில் வைத்தோம். அவன் பின்னால் ஏறிக்கொண்டான். வாத்தியாரை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

என் வண்டி அன்று ஒரு குறையும் சொல்ல முடியாதபடி ஓடியது. மூன்று பேரையும் சுமந்துகொண்டு, பிசிறு இல்லாமல், மேடு பள்ளம் எல்லாவற்றையும் தாண்டிப் போனது. அதன் ஒவ்வொரு மைலும் எனக்கு உறுத்தியது. அவள் நெற்றி என் முதுகில் சாய்ந்திருந்தது. அவள் ஏதோ முனகுவது சட்டை வழியாகத் தெரிந்துகொண்டிருந்தது. அடிவாரம் தாண்டிச் சமதளத்துக்கு வந்ததும் முனகல் நின்றுவிட்டது.

பின்னாலிருந்து அவன், "ஏங்க, கொஞ்சம் மெதுவா போங்க. தூங்கறா" என்றான்.

நான் மெதுவாகப் போகவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் வராந்தாவிலேயே கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். நாடியைப் பிடித்தார். பிறகு என்னிடம், "எப்ப பொறப்பட்டீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "இவ்வளவு நேரமா?" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. புருஷன் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவள் காலடியில் உட்கார்ந்து அவள் பாதங்களைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தான். பாதங்கள் சுத்தமாகத்தான் இருந்தன. அவன் துடைத்துக்கொண்டே இருந்தான்.

உடலை மேலே கொண்டுபோக ஒரு ஜீப் ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டு நான் முன்னால் கிளம்பினேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அடிவாரத்துக்குச் சற்று முன்னால் வாத்தியார் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்சக்கரம் உருள்வதற்காக, யாரிடமோ ஸ்பானர் வாங்கிச் செயினைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார். சட்டை முழுக்க கிரீஸ். என்னைத் தனியாகப் பார்த்ததும் நின்றார்.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்களா?" என்றார்.

"இல்லீங்க" என்றேன்.

அதற்கு மேல் நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. வண்டி சாய்ந்துவிடாதபடி மெதுவாக ஸ்டாண்டில் நிறுத்தினார். தோளிலிருந்த செயினை எடுத்து ஹேண்டில்பாரில் மாட்டினார். பிறகு ரோட்டோரத்தில் உட்கார்ந்து முழங்காலுக்கு நடுவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த ஜீப் எங்களைக் கடந்து மலையேறியது. அவர் எழுந்து கைகூப்பி நின்றார். ஜீப் நிற்கவில்லை.

அந்த வாரமே அவர் வண்டியை மெக்கானிக்கிடம் கொடுத்தார். இன்ஜினைப் பிரித்த அன்று என்னையும் வரச்சொன்னார். மெக்கானிக் தரையில் செய்தித்தாளை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பேரிங் இருக்கவேண்டிய இடத்தில் நொறுங்கிய இரும்புத் துணுக்குகள் கருப்பு ஆயிலில் கிடந்தன.

"இது ஒரு மாசமாவது சத்தம் போட்டிருக்குமேங்க. உங்களுக்குக் கேக்கலீங்களா?" என்றார் மெக்கானிக்.

"கேட்டுச்சு" என்றார் வாத்தியார்.

திரும்பி நடந்து வரும்போது அவராகவே பேசினார். "பிரிச்சா பத்து நாள் ஆவும். பத்து நாள் மலையில வண்டி இல்லாம இருக்கணுமேன்னு பாத்தேன்." ரோட்டைத் தாண்டினோம். "அது மட்டும் இல்லீங்க. பிரிக்காத வண்டின்னு அதுக்கு ஒரு பேரு. ஒம்போது வருசமா எல்லாரும் சொல்றது. அத நாமளே ஏன் கெடுக்கணும்னு இருந்துச்சு."

அன்றைக்கே நான் என் சாவியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அவர் தன் பங்கை அவ்வளவு நேராகச் சொன்ன பிறகும் எனக்கு வாய் வரவில்லை.

வண்டி சரியாகி வந்தும் அவர் அதை எடுக்கவில்லை. வீட்டில் சாக்குப் போட்டு மூடி வைத்துவிட்டுப் பஸ்ஸில் மலைக்குப் போய்வந்தார். டீக்கடைக்கும் வருவதில்லை. நடந்தது அங்கே எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. மண்டிக்காரர்கூட என் வண்டியைக் கிண்டல் செய்வதை விட்டுவிட்டார். அது எனக்கு முன்பைவிடச் சங்கடமாக இருந்தது.

மலைக்காரர்கள் அவரைக் கோபித்துக்கொண்டிருந்தால் அவரால் தாங்கியிருக்க முடியும் என்று நினைக்கிறேன். யாரும் கோபிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து நான் மறுபடி ஊசி போடப் போயிருந்தபோது இறந்த பெண்ணின் புருஷன் பள்ளிக்கூடத்துக்கு வந்தான். மொட்டை போட்ட தலையில் முடி வளர்ந்திருந்தது. குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பக்கத்து வீட்டில் பால் குடிக்கிற பிள்ளை வைத்திருக்கும் ஒரு பெண், தன் பிள்ளையோடு சேர்த்து இதற்கும் பால் கொடுக்கிறாள் என்றான். பிறகு வாத்தியாரிடம் திரும்பினான்.

"வண்டி செரியாயிடுச்சுன்னு சொன்னாங்க. ஏங்க நீங்க பஸ்ஸுல வர்றீங்க? கொண்டாந்து நிறுத்துங்க. என் தங்கச்சிக்கு இது பிள்ள பொறக்கற மாசமுங்க."

வாத்தியார் துடைப்பானைக் கையில் எடுத்தார். அவன் விடவில்லை.

"ஒரு நாள் நின்னுடுச்சு. அதுக்கின்னா பண்றது? எத்தினி பேர எறக்கியிருக்குது அந்த வண்டி. எங்கப்பனக்கூட அதுலதான இட்டுக்கினு போனீங்க."

வாத்தியார் முகத்தைத் திருப்பிக் கரும்பலகையைத் துடைக்கப் போய்விட்டார். ஆனால் அடுத்த திங்கட்கிழமை வண்டியில்தான் மலையேறினார். அந்த மாசம் முழுக்க வண்டி வேப்ப மரத்தடியில் நின்றது. தினமும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கிளப்பிக் காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்பாராம். அந்தத் தங்கச்சிக்குச் சிரமம் இல்லாமல் வீட்டிலேயே பிள்ளை பிறந்தது. அதற்கடுத்த வாரம் அவர் மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தார். பள்ளி ஆண்டு முடிந்ததும் பொம்மிடிக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தது.

வண்டியை மண்டிக்காரர்தான் வாங்கிக்கொண்டார். நானும் இருந்தேன். சாவியைக் கொடுக்கும்போது வாத்தியார், "இது பிரிச்ச வண்டிங்க. தெரிஞ்சுதான வாங்கறீங்க?" என்று கேட்டார்.

"ஒரு தடவதான பிரிச்சது. மலையேறிப் பழகின இன்ஜின், இனிமே பத்து வருசத்துக்குக் கைவுடாது" என்றார் மண்டிக்காரர்.

"அப்பிடிச் சொல்லாதீங்க" என்றார் வாத்தியார். அவர் அப்படி முகத்துக்கு நேரே ஒருவரை மறுத்துப் பேசி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு அவர் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போய்வந்தார்.

மறு வருஷம் எனக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வந்தது. சாமான்களையும் வண்டியையும் லாரியில் ஏற்றிக் குடும்பத்தை முன்னால் அனுப்பிவிட்டு, அலுவலகப் பொறுப்புகளை ஒப்படைத்துவிட்டு நான் மட்டும் பின்னால் ரயிலில் கிளம்பினேன். வழியனுப்ப வாத்தியார் வந்திருந்தார். காலை நேரம். ரயில் தாமதம் என்றார்கள். பிளாட்பாரத்துச் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இப்போது சொல்லாவிட்டால் பிறகு எப்போதும் இல்லை என்று தோன்றியது. சொன்னேன். ஏற்றத்தில் கேட்ட சத்தத்தை, பாறை வளைவில் வாயை மூடிக்கொண்டதை, சாவியை, எல்லாவற்றையும் சொன்னேன். பிளாஸ்டிக் உறையை மட்டும் விட்டுவிட்டேன்.

சரக்கு ரயில் ஒன்று நிற்காமல் கடந்துபோனது. அது போகும்வரை அவர் காத்திருந்தார்.

"சாவிய நீங்க கையில எடுத்தத நான் பாத்தேங்க" என்றார். "திரும்பப் பைக்குள்ள வச்சதையும் பாத்தேன். உங்க வண்டியக் குடுங்கன்னு எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. அத்தினி பேரு முன்னாடி எப்பிடிக் கேக்கறதுன்னு வுட்டுட்டேன்."

அவர் அதை ஆறுதலுக்காகச் சொன்னாரா, இல்லை அவரும் சொல்லக் காத்திருந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஆறுதலாக இல்லை. இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது என்பதுதான் உறைத்தது.

பிறகு அவர் வேறு ஒன்று சொன்னார்.

"எங்க மாதா கோயில்ல அந்தப் பொண்ணுக்காக ஒரு பூசைக்குக் குடுத்தேங்க. அது நடந்து ஒரு வருசம் ஆனப்ப. சாமியார் பேரு கேட்டாரு. சொன்னேன். நம்ம ஆளுங்க பேரு மாதிரி இல்லியேன்னாரு. மலையில இருந்த பொண்ணுங்க, என் வண்டியில வந்ததுன்னேன். அப்புறம் அவரு ஒண்ணும் கேக்கல. பூசையில பேர வாசிச்சாரு."

அப்போதுதான் எனக்கு அவள் பெயர் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அந்த மலையில் ஊசி போட்ட ஒவ்வொரு மாட்டின் நிறமும், மாட்டுக்காரர் பெயரும் என் பதிவேட்டில் இருந்தன. என் முதுகில் சாய்ந்து வந்தவளின் பெயரை நான் யாரிடமும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவளுடைய புருஷன் சொல்லியிருப்பான். என் காதில் விழவில்லை.

"அந்தப் பொண்ணு பேரு என்னங்க?" என்று கேட்டேன்.

வாத்தியார் சொன்னார். அதற்குள் ரயில் வந்துவிட்டது. என் பெட்டியை அவர்தான் தூக்கி உள்ளே வைத்தார். ஜன்னல் கம்பியை ஒருமுறை பிடித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். சேலம் போய்ச் சேரும்வரை, மறந்துவிடக் கூடாது என்று, அந்தப் பெயரை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு போனேன்.